நாக்கு ஏன் நமநமக்கிறது? மூளையின் வெகுமதி அமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை அயனாவரத்தில் ஒரு சிறிய ஆலோசனை மையத்தில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் புகை, குடி, போன், சூதாட்டம் என்று ஏதோ ஒன்றை விட நினைப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். பதினொரு வருடங்களாக வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வருகிறவர்களில் நிறைய பேர் தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்கள். மூளை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் அந்தத் திட்டு குறைகிறது, செய்ய வேண்டிய வேலை கண்ணுக்குத் தெரிகிறது. அதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

வெகுமதி அமைப்பு என்கிறீர்களே, அது மூளையில் எங்கே இருக்கிறது?

நல்லது ஒன்று கிடைத்தால் அதை மறுபடி நாடச் செய்யும் மூளைப் பாதைக்குத்தான் வெகுமதி அமைப்பு என்று பெயர். மூளைத் தண்டின் மேல் முனையில் நடுமூளை என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. டோபமைன் என்ற ரசாயனத்தை அனுப்பும் நரம்பு செல்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள் உண்டு. அதில் இவை சில லட்சம்தான். ஆனால் இவற்றின் கிளைகள் நெடுந்தூரம் போகின்றன. ஆசையைத் தூண்டும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ், பழக்கங்களைப் பதிந்து வைக்கும் அடித்தள நரம்பு முடிச்சுகள், யோசித்து நிதானிக்க உதவும் முன்நெற்றிப் புறணி என்று மூன்று பக்கமும் இந்தச் செல்களின் செய்தி போய்ச் சேருகிறது.

இந்தப் பாதை கண்ணில் பட்டது 1954-ல். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலிகளின் மூளையில் மெல்லிய மின்கம்பி பொருத்தினார்கள். எலி தானே ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்தில் லேசான மின்சாரம் பாயும். எலிகள் அழுத்தின, மறுபடியும் அழுத்தின. பின்னால் நடந்த சோதனைகளில் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை அழுத்திய எலிகள் உண்டு. சாப்பாட்டை மறந்து அழுத்தியவையும் உண்டு. “மூளையின் இன்ப மையத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்” என்று அன்றைக்கு உலகமே பேசியது. அது பாதிதான் சரி. ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

டோபமைன் என்றால் மகிழ்ச்சி ரசாயனம்தானே?

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். யூடியூபிலும் அப்படித்தான் வருகிறது. இந்த ஒரு தப்பு எண்ணம் திருந்தினாலே பாதிக் குழப்பம் தீரும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளரின் குழு, எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுவதுமாக அழித்துப் பார்த்தது. அந்த எலிகள் முன்னால் இருந்த உணவைத் தேடிப் போகவே இல்லை. அப்படியே விட்டால் பட்டினியில் செத்துவிடும். ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தபோது, இனிப்பு பட்ட கைக்குழந்தை உதட்டை நக்குவது போல, அவையும் நக்கி ரசித்தன. அதாவது ருசி அப்படியே இருந்தது, வேண்டும் என்ற உந்துதல் மட்டும் போய்விட்டது. ருசிப்பதற்கு வேறு ரசாயனங்கள் இருக்கின்றன. மூளையே தயாரிக்கும் ஓபியாய்டுகள், அதாவது அபினைப் போல வேலை செய்யும் பொருட்கள், அதில் முக்கியமானவை.

தமிழில் இதைச் சொல்வது சுலபம். ஆசை வேறு, ருசி வேறு. டோபமைன் ஆசையின் பக்கம் நிற்கிறது.

டிவி முன்னால் ஒரு கிண்ணம் மிக்சர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். முதல் இரண்டு வாயில் ஓமப்பொடியின் காரம், கறிவேப்பிலையின் வாசனை, வறுத்த கடலையின் மொறுமொறுப்பு எல்லாம் தெரிகிறது. பத்தாவது வாயில் ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் கை போய்க்கொண்டே இருக்கிறது, கிண்ணத்தின் அடியில் கிடக்கும் உப்புத் தூளை விரலால் ஒற்றி எடுக்கும் வரை. ருசி எப்போதோ எழுந்து போய்விட்டது, ஆசைதான் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

குடிநோயாளிகள் சொல்வதும் இதுதான். “குடிச்சா சந்தோஷமே இல்ல மேடம், ஆனா குடிக்காம இருக்க முடியல.” வீட்டில் இருப்பவர்கள் இதைப் பொய் என்று நினைக்கிறார்கள். பொய் இல்லை. பெரிட்ஜும் டெர்ரி ராபின்சனும் 1993-ல் முன்வைத்த கருத்து இதைத்தான் விளக்குகிறது: போதை நீடிக்க நீடிக்க ஆசையின் பக்கம் கூர்மையாகிக்கொண்டே போகிறது, இன்பம் அதோடு சேர்ந்து வளர்வதில்லை.

அப்படியானால் டோபமைன் எதைக் கண்டு துள்ளுகிறது?

எதிர்பாராத நல்லதைக் கண்டு. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் டோபமைன் செல்களை ஒவ்வொன்றாகக் கவனித்தார். திடீரென்று வாயில் ஒரு சொட்டு பழச்சாறு விழுந்தால் செல்கள் படபடவென்று துடித்தன. சாறுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு விளக்கு எரிந்தால், கொஞ்ச நாளில் துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது. சாறு வரும்போது அமைதி. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய நொடியில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. 1997-ல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேக் மூவரும் இதை ஒரு கணக்காக எழுதிக் காட்டினார்கள்: நடந்தது கழித்தல் எதிர்பார்த்தது. மீதி கூடுதலாக வந்தால் மூளை “இதைக் குறித்துக்கொள்” என்கிறது. குறைந்தால் ஏமாற்றம். சமமாக இருந்தால் சத்தமே இல்லை.

நம் ஊரில் இதற்குப் பழமொழியே இருக்கிறது: பழகப் பழகப் பாலும் புளிக்கும். பால் மாறவில்லை, எதிர்பார்ப்பு பாலுக்குச் சமமாகிவிட்டது. சித்திரையில் முதல் பங்கனப்பள்ளிக்கு இருக்கும் மயக்கம் ஆனி மாதத்துப் பழத்துக்கு ஏன் இல்லை, புது போன் ஏன் மூன்றாம் மாதம் வெறும் போனாகிவிடுகிறது, சம்பள உயர்வின் சந்தோஷம் ஏன் அடுத்த தீபாவளி வரைகூட நிற்பதில்லை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இந்த அமைப்பைக் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மார்கழியில் சபாவில் உட்கார்ந்து, பாடகர் ராகத்தை மெல்ல மெல்ல மேலே கொண்டு போகும்போது, தார ஸ்தாயி ஷட்ஜத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே நமக்குப் புல்லரிக்கிறது இல்லையா? 2011-ல் அதே மெக்கில் பல்கலைக்கழகத்தில் வேலரி சலிம்பூர், ராபர்ட் ஜடோர் குழு மூளையைப் படம் எடுத்துப் பார்த்தது. பிடித்த இசையின் உச்சத்தில் மட்டுமின்றி, அது வரப்போகிறது என்று காத்திருக்கும் சில நொடிகளிலும் டோபமைன் வெளியானது. காத்திருப்பதே ஒரு சுகம் என்பது வெறும் பேச்சு இல்லை.

குறிப்பிட்ட ஒரு இடத்துக்குப் போனால் மட்டும் ஏன் ஆசை வருகிறது?

ஷுல்ட்ஸின் குரங்குக்கு விளக்கு என்றால், நமக்குத் தெருமுனை.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தபின் நாற்பது நாள் சிகரெட்டைத் தொடவில்லை. வீட்டில் இருந்தபோது நினைப்புகூட வரவில்லை என்றார். வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஓட்டேரியில் அவர் வழக்கமாக வண்டியை ஓரம் கட்டும் பெட்டிக்கடை. தூணில் நூல் கட்டித் தொங்கும் லைட்டர், பக்கத்தில் வாழைத்தார், உள்ளே பாய்லரின் ஆவி, டீ மாஸ்டர் டீயை ஆற்றும் சத்தம். “கை தானா சட்டைப் பாக்கெட்டுக்குப் போச்சு மேடம். பாக்கெட்ல ஒண்ணுமே இல்ல. ஆனா போச்சு.” சொல்லும்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மன உறுதி நாற்பது நாளும் இருந்தது, அன்றைக்கும் இருந்தது. மூளை பல வருடங்களாக அந்த லைட்டரையும் டீ வாசனையையும் நிகோடினோடு சேர்த்துப் பாடம் செய்திருந்தது. இழுத்த புகையின் நிகோடின் பத்து, இருபது நொடியில் மூளைக்குப் போய்விடும். அவ்வளவு வேகமாக வரும் பரிசு அருகில் இருக்கும் எல்லாவற்றையும் அடையாளமாகப் பதிய வைக்கிறது. டீயும் தம்மும் அவருக்குள் ஒரே சொல் ஆகிவிட்டன.

இடத்தின் பலத்தைக் காட்டும் இன்னொரு ஆய்வு உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் பலர் ஹெராயினுக்கு அடிமையானார்கள். ஐந்தில் ஒருவர், அங்கே அடிமையாக இருந்ததாகத் தாமே சொன்னார். அவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று அரசே பயந்தது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தபோது, அங்கே அடிமையாக இருந்தவர்களில் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் அளவுக்குத்தான். அந்த வெயில், அந்தப் பயம், அந்தக் கூட்டாளிகள், அந்த மலிவான சரக்கு எதுவும் ஊரில் இல்லை. இடம் மாறியது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பெரிய காரணம் அது.

அதனால்தான் யார் வந்தாலும் முதலில் “எவ்வளவு பிடிக்கிறீர்கள்” என்று கேட்பதற்கு முன் “எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு” என்று கேட்கிறேன்.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

அந்த 21, அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் 1960-ல் எழுதியதிலிருந்து வந்தது. புது முகத்துக்கு நோயாளிகள் பழக ஏறக்குறைய மூன்று வாரமாகிறது என்றார் அவர். அது எப்படியோ எல்லாப் பழக்கத்துக்கும் விதியாகிவிட்டது.

லண்டனில் பிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரைப் பின்தொடர்ந்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், சாயங்காலம் ஒரு நடை என்று ஆளுக்கு ஒரு புதுப் பழக்கம். யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாந்திரமாக 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த தகவல் வேறு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை.

பழக்கம் ஊறிவிட்டால் மூளை அதை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆன் கிரேபியல் என்ற ஆய்வாளர் எலிகளைப் பழக்கிப் பார்த்தபோது, தொடக்கத்தில் வழி முழுக்க வேலை செய்த செல்கள், பழகியபின் ஆரம்பத்திலும் முடிவிலும் மட்டும் துடித்தன. நடுவில் மௌனம். வீட்டைப் பூட்டினோமா என்று பஸ் ஸ்டாப் வந்தபிறகு சந்தேகம் வருகிறதே, அந்த மௌனம்தான்.

இன்னொன்று. 2011-ல் டேவிட் நீல், வெண்டி வுட் குழு சினிமா தியேட்டரில் சிலருக்குப் புது பாப்கார்னும் சிலருக்கு ஏழு நாள் பழையதும் கொடுத்தது. தியேட்டரில் பாப்கார்ன் தின்னும் பழக்கம் ஊறியவர்கள் இரண்டையும் ஒரே அளவு தின்றார்கள், பழையது பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே. வேறு ஒரு அறையில் கொடுத்தபோது பழையதைக் குறைத்துக்கொண்டார்கள். தியேட்டரிலேயே வழக்கமில்லாத கையால் சாப்பிடச் சொன்னபோதும் குறைத்துக்கொண்டார்கள். நான் மிக்சர் கிண்ணத்தை இடது கையால் சாப்பிடச் சொல்வது இதனால்தான். சிரிப்பார்கள், ஆனால் செய்து பார்த்தவர்கள் கிண்ணம் பாதியில் நின்றதாகச் சொல்கிறார்கள்.

ஃபில்டர் காபியும் போதையா?

உடல் அதற்குப் பழகுகிறது, அவ்வளவுதான். வாழ்க்கையைக் குலைக்கும் அடிமைத்தனத்தோடு அதை ஒன்றாக வைக்க வேண்டாம். கஃபீன், தூக்கம் வரச் சொல்லும் அடினோசின் என்ற பொருளின் இருக்கையில் தான் உட்கார்ந்துகொள்கிறது. தினமும் குடித்தால் மூளை இருக்கைகளைக் கூட்டிக்கொள்கிறது. அப்புறம் ஒரு நாள் காபி இல்லை என்றால் தலைவலி: நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம்கூட இழுக்கலாம். என் அம்மாவுக்கு ஏகாதசி தோறும் சாயங்காலம் மண்டையைப் பிளக்கும். பட்டினியால் என்றே பல வருடம் நினைத்திருந்தார். குறைக்க நினைத்தால் ஒரே நாளில் நிறுத்தாமல் டம்ளரைச் சின்னதாக்கிக்கொண்டே வாருங்கள். டிகாக்‌ஷனில் சிக்கரி பங்கு கூடினாலும் கஃபீன் குறையும், சிக்கரியில் அது கிடையாது. கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், தூக்கம் வராதவர்கள் மாலை ஆறு மணிக் காபியை மட்டுமாவது விட்டுப் பாருங்கள்.

ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்தால் ஏன் நிறுத்த முடியவில்லை?

அடுத்தது என்ன வரும் என்று தெரியாததால். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களிடமும் எலிகளிடமும் பார்த்தது இது: ஒவ்வொரு தடவையும் தீனி கிடைத்தால் அவை நிதானமாக அழுத்தும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இருந்தால் விடாமல் அழுத்தும், தீனியை நிறுத்திய பின்னும் வெகுநேரம் அழுத்தும். பத்து ரீல் சுமார், பதினொன்றாவது வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும். அந்தப் பதினொன்றுக்காக விரல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. முடிவே இல்லாமல் கீழே ஓடும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்த ஏசா ரஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். பழைய காலத்துப் பக்கங்களில் அடியில் “அடுத்த பக்கம்” என்று ஒரு இடம் இருந்தது. அங்கே மனிதர் ஒரு மூச்சு விட்டு, போதும் என்று நினைக்க முடிந்தது. அந்த இடம்தான் காணாமல் போனது.

பிள்ளைகளைப் பற்றி நிறைய பெற்றோர் கேட்கிறார்கள். நிதானிக்க உதவும் முன்நெற்றிப் புறணி முழுதாக முதிர இருபத்தைந்து வயது பக்கம் ஆகிறது. ஆசையின் பாதையோ பதின்வயதிலேயே முழு வேகத்தில் இருக்கிறது. அதனால் “நீயே கட்டுப்படுத்திக்கோ” என்று பதினான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்வது நியாயம் இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டில் எல்லோருடைய போனும் ஹாலில் ஒரே சார்ஜர் பலகையில் இருக்கட்டும். அப்பாவுடையதும்தான். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆன்லைன் ரம்மியில் தோற்கத் தோற்க ஏன் விளையாடத் தோன்றுகிறது?

மயிரிழையில் தவறிய ஆட்டத்தை மூளை தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை. 2009-ல் லூக் கிளார்க் குழு, பணம் கிடைக்கும்போது வேலை செய்யும் அதே பகுதிகள், கிடைக்கப்போய் நழுவும்போதும் வேலை செய்வதைக் காட்டியது. ஒரு சீட்டு வந்திருந்தால் டிக்ளேர் பண்ணியிருப்பேன் என்ற அந்த நினைப்பு, மூளைக்குள் ஏறக்குறைய ஜெயித்த மாதிரி பதிகிறது. கூடவே விட்டதைப் பிடிக்கும் வெறி.

எங்கள் வட்டத்தில் உட்கார்ந்தவர்களில் பெரும் பணத்தை இழந்தவர்கள் எல்லோரும் இழந்த நேரம் நள்ளிரவுக்குப் பின். வீடு தூங்குகிறது, கேட்க ஆளில்லை, களைத்த மூளைக்கு பிரேக் பிடிக்கவில்லை. தமிழ்நாடு அரசு 2025-ல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை விதித்தபோதும், அதை அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றபோதும் எனக்கு மனசார நிம்மதியாக இருந்தது. அதே ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது.

ஒரு முக்கியமான விஷயம். வீட்டில் பார்க்கின்சன் நோய்க்கு, அதாவது நடுக்குவாதத்துக்கு, பிரமிபெக்சால், ரோபினிரால் போன்ற மாத்திரை எடுப்பவர் யாராவது இருந்து, அவர் திடீரென்று சூதாட்டத்திலோ கண்மூடித்தனமான செலவிலோ இறங்கினால், குணம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். டோபமைனைப் போலவே வேலை செய்யும் அந்த மருந்துகளின் தெரிந்த பக்கவிளைவு அது. மாத்திரையை நீங்களே நிறுத்தாமல், உடனே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சந்தோஷமாக இருந்துவிட்டு வந்தால் அடுத்த நாள் ஏன் மனசு கனக்கிறது?

ரிச்சர்ட் சாலமன், ஜான் கார்பிட் இருவரும் 1974-ல் சொன்ன விளக்கம்: மூளை எந்த ஏற்றத்துக்கும் எதிராக ஒரு இறக்கத்தை எழுப்பிச் சமன் செய்யப் பார்க்கிறது. ஏற்றம் சீக்கிரம் அடங்கும், இறக்கம் மெதுவாகத்தான் அடங்கும். கல்யாண வீடு காலியான மறுநாள் தெரிவது அந்த மிச்ச இறக்கம். போதைப் பொருட்களில் இது கொடூரமாகிறது. நாளாக ஆக ஏற்றம் தேய்கிறது, இறக்கம் பெருகுகிறது; கடைசியில் இன்பத்துக்காகக் குடித்தவர் வெறுமனே சாதாரணமாக இருப்பதற்காகக் குடிக்கிறார்.

கல்யாணத்துக்கு மறுநாள் கனம் ஓரிரு நாளில் போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள், பிடித்த எதுவும் பிடிக்காமல், தூக்கமும் பசியும் மாறி, காலையில் எழவே முடியாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். “ரசம் சாதம் மண்ணு மாதிரி இருக்கு அக்கா” என்று ஒரு கல்லூரிப் பெண் சொன்னாள். அந்த ஒரு வரி எனக்குப் போதுமானதாக இருந்தது. சோர்ந்த மூளையில், முயன்றால் ஏதாவது கிடைக்கும் என்ற கணக்கே மங்கிவிடுகிறது. அதனால் மனசு வந்தபின் செய்யலாம் என்று காத்திருந்தால் மனசு வராது. முதலில் சின்னதாக ஒரு செயல், அதன் பின்னால் மனசு மெல்ல வரும். அந்தப் பெண்ணோடு நாங்கள் தொடங்கியது மொட்டைமாடிக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு வருவது. அது மட்டும்தான், ஒரு வாரத்துக்கு. கூடவே மனநல மருத்துவர், மருந்து. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

சாகலாம் என்ற எண்ணம் வந்தால் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், இப்போதே 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு அழையுங்கள். இலவசம், எந்த நேரமும், தமிழில் பேசலாம்.

போன், இனிப்பு எல்லாவற்றையும் சில நாள் ஒதுக்கி வைக்கிறார்களே, அந்த டோபமைன் டீடாக்ஸ் பலன் தருமா?

டோபமைன் கழிவு இல்லை, கழுவி வெளியேற்றுவதற்கு. அது இல்லாமல் நடக்கவே முடியாது. பார்க்கின்சன் நோயில் நடப்பது அதுதான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு எலியட்ஸ் கடற்கரையில் காலையில் நடந்துவிட்டு வருவது நல்ல காரியம். பெயர்தான் தப்பு, செய்யுங்கள்.

வாழைப்பழம் சாப்பிட்டால் டோபமைன் கூடுமா? பூனைக்காலி விதை?

வாழைப்பழத்தில் டோபமைன் இருப்பது உண்மை. ஆனால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் வாசலில் ஒரு தடுப்பு இருக்கிறது, டோபமைனால் அதைத் தாண்ட முடியாது. அதன் மூலப்பொருளான எல்-டோபா தாண்டும். டோபமைன் மூளையில் தனியாகவே ஒரு தூதுவன் என்று 1950-களின் கடைசியில் காட்டி, 2000-ல் நோபல் பரிசு பெற்ற அர்விட் கார்ல்சனின் வேலையிலிருந்துதான் பார்க்கின்சனுக்கு எல்-டோபா மருந்தானது. நம் சித்த மருத்துவத்தில் பயன்படும் பூனைக்காலி விதையில் அந்த எல்-டோபா இயற்கையாகவே கணிசமாக இருக்கிறது. அதனாலேயே அதைப் பொடியாக வாங்கித் தாமாகச் சாப்பிடக் கூடாது என்கிறேன். அது வேலை செய்யும் மருந்து. அளவு தெரிந்த மருத்துவர் இல்லாமல் வேண்டாம்.

ஆசை பொங்கி வரும்போது அந்த நேரத்தில் என்ன செய்வது?

நேரம் பாருங்கள். பெரும்பாலான நமநமப்பு சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். மெரினாவில் அலை வரும்போது எதிர்த்து நின்றால் தள்ளிவிடும். லேசாக எம்பினால் அடியில் போய்விடும். எம்புவது என்றால்: ஆசை உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. தொண்டையிலா, வயிற்றிலா, விரல் நுனியிலா. அதைத் துரத்த வேண்டாம், கவனித்தால் போதும். அந்தச் சில நிமிடம் எழுந்து இடத்தை மாற்றுங்கள். ஒரு சொம்பு தண்ணீர், மாடிப்படி இரண்டு மாடி, யாருக்காவது ஒரு போன்.

இதைவிடப் பலன் தருவது முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது. “குறைப்பேன்” என்பது முடிவு இல்லை. “மாம்பலத்தில் ட்ரெய்ன் விட்டு இறங்கினால் ரங்கநாதன் தெரு பக்கம் போகாமல் மேற்குப் பக்கம் இறங்குவேன்” என்பது முடிவு. இப்படி, இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று எழுதி வைத்தவர்களுக்கு அது கைகொடுக்கிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அப்புறம், தூக்கம். தூங்காத இரவுக்கு மறுநாள் ஆசையின் சத்தம் கூடி, நிதானத்தின் குரல் தாழ்ந்துவிடும். பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் யாரும் எந்தச் சபதத்தையும் காப்பாற்ற வேண்டியதில்லை. முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

புகையிலையை விட உதவி வேண்டுமானால் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. நிகோடின் நிறுத்தியபின் இரண்டாம், மூன்றாம் நாள்தான் கடுமை. அதைத் தாண்ட நிகோடின் சூயிங்கம், மாத்திரை எல்லாம் உண்டு. அவற்றைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம்.

குடியை இன்றைக்கே ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

தினமும் அதிகமாகக் குடிப்பவர் மருத்துவரைக் கேட்காமல் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். சிகரெட்டை நிறுத்தினால் எரிச்சல் வரும். குடியைத் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்த்துப் பேசும் நிலை வரலாம். உயிருக்கே ஆபத்து. சாமிக்கு மாலை போட்டுக்கொண்டு அன்றைக்கே நிறுத்துபவர்களை நினைத்து ஒவ்வொரு கார்த்திகையிலும் கவலைப்படுகிறேன். மாலை போடுவதற்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் துணையோடு நிறுத்தலாம், பத்திரமாக.

சென்னையில் போக இடம் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794-ல் தொடங்கியது. அங்கே போதை மீட்புச் சிகிச்சையும் உண்டு. இந்திரா நகரில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் நிலையம், குடிநோய்ச் சிகிச்சையில் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. தன் கணவரைக் குடிநோய்க்கு இழந்தவர் தொடங்கிய இடம் அது.

ஐம்பது நாள் விட்டுவிட்டு ஒரு நாள் தவறிவிட்டது. எல்லாம் போச்சா?

இல்லை. பழைய பாடம் மூளையில் அழிவதில்லை. அதன் மேல் புதுப் பாடம் எழுதப்படுகிறது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் மணியடித்துச் சோறு வைத்துப் பழக்கிய நாய்களுக்கு, மணி கேட்டாலே எச்சில் ஊறியது. மணியடித்தும் சோறு வைக்காமல் விட்டபோது அது நின்றது. சில காலம் கழித்து மணி அடித்தபோது மறுபடி ஊறியது. புதுப் பாடம் அதற்குள் காணாமல் போகவில்லை, பழையது ஒரு தடவை எட்டிப் பார்த்தது. மனிதரிலும் அப்படித்தான். ஒரு சிகரெட்டைப் பிடித்தது தவறு என்பதைவிட, “எப்படியும் போச்சு” என்று பாக்கெட்டை வாங்குவதுதான் ஐம்பது நாளையும் தின்னும்.

அந்த ஷேர் ஆட்டோக்காரரும் ஐம்பத்து மூன்றாம் நாள் ஒன்று பற்ற வைத்துவிட்டார். பாதியில் மிதித்து அணைத்துவிட்டு, அந்தச் சனிக்கிழமை தலை குனிந்து வந்து உட்கார்ந்தார். யாரும் திட்டவில்லை. ஒரு தாளில் எழுதினோம்: மணி நாலேகால். மதியம் சாப்பிடவில்லை. ஒரு டிராஃபிக் போலீஸோடு வாக்குவாதம். அதே கடை. கூட ஸ்டாண்டு நண்பர் ஒருவர், அவரே நீட்டினார். எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இதுல சிகரெட்டு எங்கயோ கடைசில இருக்கு மேடம்” என்றார்.

இப்போது சவாரிக்கு நடுவில் இரண்டு மணிக்குத் தூக்குச் சட்டியைத் திறந்துவிடுகிறார். டீ சாலைக்கு எதிர்ப்பக்கம், சிகரெட் வைக்காத ஒரு பேக்கரியில். பேப்பர் கப்பில் வாங்கிவந்து வண்டியில் உட்கார்ந்தே குடிக்கிறார். அங்கே கண்ணாடி ஜாடியில் தேங்காய் பிஸ்கட்டும் கடலை மிட்டாயும்தான் இருக்கின்றன.